ஐந்து பற்களும் ஒரு தாடையும்

1. விலை பேசிய பிறகு

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை. கண்டியில் இறங்கி, மழையில் நனைந்து கடைக்குள் நுழைந்தபோது முதலாளி ஹாஜியார் விலை பேசி முடித்திருந்தார்.

"வாங்க மிஸ். நீங்க வார வரைக்கும் இருக்க ஏலாமப் போச்சு. தம்பி நுவரெலியா பஸ்ஸப் புடிக்கணுமாம். பேசி முடிச்சிட்டேன்."

மேசையில் ஒரு தாடைத் துண்டு கிடந்தது. ஒரு முழம் நீளம், மங்கிய பழுப்பு நிறம், அதில் ஐந்து பற்கள். டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்த மொசசோர் என்ற பெரிய ஊர்வன விலங்கின் தாடை, மொரோக்கோவிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் கேதீசன். கொழும்பில் வியாபாரம் செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு முன்பே அறிமுகமானவர்.

நான் இந்த மாணிக்கக் கடையில் பரிசோதகர். எது விற்றாலும் அதனுடன் போகும் உறுதிச் சீட்டை எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை. கொஞ்சக் காலமாக ஹாஜியார், கல்லாகிப்போன பழைய உயிர் எச்சங்களான ஃபொசில்களும் வாங்குகிறார். இந்தத் தாடையை அம்பிட்டியவில் படிப்பிக்கும் மரியா டீச்சர் தன் பாடசாலையின் விஞ்ஞான அறைக்காகக் கேட்டிருந்தார். அன்று மதியமே வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் என் சீட்டு தயாராக வேண்டும்.

எங்கள் தொழிலில் இரண்டு வழக்கங்கள் உண்டு. அடுத்தவர் பொருளில் கீறல் விழும்படி எதையும் செய்து பார்க்கக் கூடாது. வாயால் விலை பேசி ஒத்துக்கொண்டால் பின்வாங்கக் கூடாது. ஹாஜியார் இரண்டையும் தொழுகையைப் போலக் கடைப்பிடிப்பவர்.

2. லென்ஸின் கீழ்

ஹாஜியார் தன் பத்து மடங்கு லென்ஸை என்னிடம் நீட்டினார். "நானும் ஒண்ணொண்ணாப் பாத்தேன். அஞ்சும் அசல். வெடிப்பப் பாருங்க, என்ன அழகு!"

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். அவர் சொன்னது சரிதான். எனாமலில் நெடுக்காக மயிரிழை வெடிப்புகள் ஓடின. வெடிப்புக்குள் மண்ணின் நிறம் ஆழமாக இறங்கியிருந்தது. ரெசினில் வார்த்த போலியாக இருந்தால் வெடிப்பு மேலோடு நிற்கும். உள்ளே காற்றுக் குமிழிகள் தெரியும். இங்கே குமிழி இல்லை. விரலில் பட்டதும் கல்லின் குளிர்ச்சி. ஐந்தும் உண்மையான பற்கள்.

ஆனாலும் என்னால் கதிரையில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். கேதீசன் கைக்கடிகாரத்தையும் தன் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன அக்கா, பல்லுக் கொதியோ? இப்பிடி நடக்கிறியள்."

மூன்றாவது பல்தான் என்னை உறுத்தியது. இந்த விலங்கின் பற்கள் தொண்டைப் பக்கமாக வளைந்திருக்கும். பிடித்த மீன் வழுக்கி வெளியே போகாமலிருக்க. நான்கு பற்கள் ஒரு பக்கம் வளைந்திருந்தன. மூன்றாவது மட்டும் எதிர்ப் பக்கம் பார்த்தது. பல்லின் அடியில் தடித்த, எலும்பு போன்ற வேர் இருக்க வேண்டும். இங்கே எனாமல் முடிந்த இடத்திலேயே மணல் தொடங்கியது. எலும்பின் நுண்துளை எங்கும் இல்லை.

அப்போதுதான் விளங்கியது. மோதிரத்தில் பதித்த கல்லைப் பார்க்கும்போது நாங்கள் மோதிரத்தைப் பார்ப்பதில்லை. கண் கல்லுக்குள்ளேதான் போகும். ஹாஜியாரும் அப்படித்தான் பற்களைப் பார்த்திருக்கிறார். பல் எதில் நிற்கிறது என்று பார்க்கவே இல்லை.

பசையை ஒளிரச் செய்யும் யூ.வி. டோர்ச்சை எடுத்து அடித்தேன். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் நீலவெள்ளையாக ஒரு வளையம் மின்னியது.

"ஹாஜியார், இது பசை."

"ஒடஞ்சத ஒட்டியிருப்பாங்க. அதுல என்ன பிழ? ஒடயாம வார ஃபொசில் எங்க ஈக்குது?"

"ஓம் அக்கா," என்றார் கேதீசன். "உடைஞ்ச இடத்தை ஒட்டினதெண்டு எனக்கும் சொன்னவை."

அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஹாஜியார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒட்டிய ஃபொசில் எல்லாம் போலி ஆகிவிடாது. ஆனால் ஐந்து இடத்திலும், அதுவும் சரியாகப் பல்லைச் சுற்றி மட்டுமா உடையும்?

"நான் சீட்டு எழுத மாட்டேங்க," என்றேன்.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "மிஸ், வார்த்த குடுத்தாச்சி. டீச்சரும் வந்துட்டே ஈக்காங்க. இப்ப வந்து எழுத மாட்டேன்னா நான் என்ன செய்ய?"

"நீங்க பேசினது பேசினதாவே இருக்கட்டும். இது தாடைன்னு நான் எப்படிங்க கையெழுத்துப் போடுறது?"

மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. ஹாஜியார் தாடையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேதீசனிடம் கேட்டார்.

"தம்பி, வெல பேசினோமா இல்லயா?"

"பேசினனாங்கள், ஹாஜியார்."

"அப்ப இது எனக்கி. என்ட சாமான நான் என்ன செஞ்சாலும் அது என்ட ஹக், என்ட உரிம."

எழுந்து போனார். கை கழுவும் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் பிடித்து மேசையில் வைத்தார். தாடையை அதற்குள் இறக்கினார்.

3. பேசினுக்குள்

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கேதீசனின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு தண்ணீர் பாலாகக் கலங்கியது. மணல் ஓரமாகக் கரைந்து இறங்கியது. மூன்றாவது பல் சாய்ந்து விழுந்தது. ஹாஜியார் விரலால் தொட்டதும் மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றன. தாடை என்று ஒன்று இல்லை. மணலும் மரப் பசையும் மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்து மரியா டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னங்க, ஹாஜியார் மீன் கழுவுறாரா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். டீச்சர் பேசினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப பல்லும் பொய்யாங்க?"

"பல்லு நெசம் டீச்சர். வேற வேற மொசசோரோட பல்லு. சேத்து நட்டிருக்காங்க."

"புள்ளைங்க கிட்ட தாடை வருதுன்னு சொல்லி வச்சிருக்கேனே!" என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கலங்கிய தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு பல்லை எடுத்துத் துடைத்தார். "சரி, பல்லையே குடுங்க. எப்படி ஏமாத்துறாங்கன்னு அந்த மணலையும் சேத்துக் காட்டுறேன்."

ஹாஜியார் தலையசைத்தார். கேதீசனுடன் பேசிய விலையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. டீச்சரிடம் பற்களுக்கான விலையை மட்டும் வாங்கினார். நான் சீட்டு எழுதினேன்: மொசசோர் பற்கள் ஐந்து, தனித்தனி, அசல். கையெழுத்திட்டேன்.

டீச்சர் போன பிறகு ஹாஜியாரின் பார்வை கேதீசனின் பை மீது விழுந்தது.

"தம்பி, நுவரெலியாவுக்குக் கொண்டு போறதும் தாடயா?"

"ஓம். ஹோட்டல் ஒண்டுக்கு."

"அதயும் ஒருக்கா தண்ணியில போட்டுப் பாப்போமே."

கேதீசன் பேசினைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பையின் ஸிப்பை இறுக இழுத்தார்.

"அதுக்கு நீங்கள் இன்னும் விலை பேசேல்லையே, ஹாஜியார்."

வழக்கப்படி அவர் சொன்னது சரி. விலை பேசாதவரை அது அடுத்தவர் பொருள். மழைக்குள் இறங்கிப் போனார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பல்லைக் கடைசியாகப் பாருங்கள். அது நிற்கும் எலும்பை, எலும்பைச் சுற்றிய மண்ணை, வளைவின் திசையை முதலில் பாருங்கள். அரிசி அளவு மணலைச் சுரண்டித் தண்ணீரில் போட உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதி இல்லையென்றால் வாயைத் திறந்து விலை சொல்லாதீர்கள். இப்போது எங்கள் கடையில் ஹாஜியார் முதலில் கேட்பது இந்த அனுமதியைத்தான். சிலர் தயங்காமல் கொடுக்கிறார்கள். சிலருக்கு அந்த நிமிடமே பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது.