பிரசிடெண்டு வீட்டுப் பின்வாசல்

“…நேரங்கழிச்சு வந்ததுமில்லாம வாசல்லயே நிக்கிறீங்களே! பூசணிக்காயை எறக்கி வச்சிட்டு, அருவாமனையை எடுத்துப் போட்டு உக்காருங்க” என்றார் ஆச்சி.

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அய்யா தோளில் பூசணிக்காய், ஆத்தா இடுப்பில் கத்திரிக்காய்க் கூடை, என் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அரிமளத்துக்குப் பக்கத்தில் முன்னாள் பஞ்சாயத்து பிரசிடெண்டின் பூர்வீக வீடு அது; ஆச்சி அவர் மனைவி. அக்காவின் கல்யாணத்துக்கு அதன் முன்கட்டுக் கூடத்தைக் கேட்க, வெறுங்கையோடு போகக்கூடாதென்று இவற்றைச் சுமந்து வந்திருந்தோம்.

கல்யாணம் ஐப்பசியில். எங்கள் கூரை வீட்டு வாசலில் பந்தல் போட்டால் மாப்பிள்ளைக்கு முன்னால் மழை வந்து மணையில் உட்கார்ந்துகொள்ளும் என்று ஊரே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டாரோ சிரிக்கவில்லை. “நனையாத எடமாப் பாருங்க, இல்லாட்டித் தையில பேசிக்குவோம்” என்று சொல்லிவிட்டார்கள். தை வரைக்கும் அவர்கள் மனசு மாறாமலிருக்குமா என்று ஆத்தாவுக்குத் தூக்கமில்லை.

ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியேறுகிற நீளம் அந்த வீடு. நெல் வண்டியோடு போய்ப் பழகிய அய்யா, அன்றும் பழக்கத்தில் பின்தெருவுக்கே கூட்டி வந்துவிட்டார். பின்தெரு என்றால் அடுப்படி. மறுநாள் அங்கே பேரனுக்குக் காதுகுத்து. ஆச்சி காத்திருந்த சமையல் ஆட்கள் நாங்கள்தான் என்று ஆகிப்போனது.

“வந்த விசயத்தைச் சொல்லுங்களேன்” என்று கிசுகிசுத்தாள் ஆத்தா.

“ஒதவி கேக்க வந்த எடத்துல எதுத்துப் பேசுறதா? நறுக்கு” என்றார் அய்யா.

நறுக்கினோம். அய்யா பூசணிக்காயோடு மல்லுக்கு நின்றார்.

“கத்திரிக்காயைத் தண்ணியில போடுத்தா, கறுத்துப் போகும். ஏ புள்ள, பழத்துல கை வைக்காதே, அது பந்திக்கு!” என்றார் ஆச்சி. நாங்கள் கொண்டுவந்த பழம்தான்.

கூடை பாதி காலியானபோது, காப்பி கேட்டுக்கொண்டு பிரசிடெண்டே அங்கு வந்தார். அய்யாவைப் பார்த்து நின்றுவிட்டார். “அடடே, நீ எப்பப்பா சமையலுக்குப் போக ஆரம்பிச்சே?”

அய்யா பூசணிக்காய்த் துண்டும் கையுமாக எழுந்தார். ஆத்தாதான் சொன்னாள்: “கல்யாணத்துக்கு முன்கட்டைக் கேட்டு வந்தோமுங்க. மூத்தவளுக்கு. ஐப்பசியிலங்க.”

பிரசிடெண்டு விழுந்து விழுந்து சிரித்தார். “என்னைக் கேட்டா? நான் பஞ்சாயத்துக்குத்தான் பிரசிடெண்டு, அதுவும் முன்னாள். வீட்டுக்கு எந்நாளும் இவுகதான்.”

ஆச்சி சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. வாசலுக்கு வந்தவர்களை ‘வாங்க’ என்று சொல்லாமல் அந்த வீட்டில் யாரும் உட்கார வைத்ததில்லையாம். “விருந்தாளியை அருவாமனையில உக்கார வச்சிட்டேனே! எந்திரிங்க, எல்லாரும் எந்திரிங்க!”

கூடம் போச்சு என்றே நினைத்தோம். இடுப்புச் சாவிக்கொத்து குலுங்க ஆச்சி முன்னால் நடந்தார். ஒரு கட்டு, இன்னொரு கட்டு, நான் பார்க்க ஏங்கிய பர்மாத் தேக்குத் தூண்கள், எல்லாம் தாண்டி முன்வாசல் கதவைத் திறந்தார். எங்களைத் தெருவில் இறக்கி நிறுத்தினார்.

“மாப்பிள்ளை நொழையப்போற வாசலு இது. பொண்ணு வீட்டுக்காரங்க பின்பக்கமா வந்தாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது” என்றவர், படியில் நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைகூப்பி அய்யாவை, ஆத்தாவை, கடைசியில் என்னையும் தனித்தனியே ‘வாங்க’ என்று அழைத்தார்.