துரைசானி தோட்டத்துச் சரிவு

பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் மிஷினைக் கிளப்பினாலே நான் சன்னலைச் சாத்திவிடுவேன். நான் இருக்கும் மம்பாவ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் யாராவது ஒருவர் புல் வெட்டிக்கொண்டுதான் இருப்பார். சத்தம்கூடப் போகட்டும். அந்தப் பச்சை வாசனை இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகாது. கிழவிக்குக் கிறுக்கு என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் சுவா என்ற ஊருக்கு உள்ளே இருந்தது. அங்கே இடுகாட்டுக்குத் 'துரைசானி தோட்டம்' என்று பெயர். எங்கள் காலத்துக்கு ரொம்ப முந்தி, ஒரு வெள்ளைக்காரத் துரையின் மனைவி காய்ச்சலில் போய்விட்டாளாம். அவளைப் புதைத்த மேட்டில் அவர் கல் நட்டு, பாதை போட்டு, தூங்குமூஞ்சி மரமும் பூச்செடிகளுமாக வைத்து ஒரு பூங்காவே ஆக்கிவிட்டார். பிறகு செத்த வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் அவள் பக்கத்தில் இடம். நம் ஆட்களுக்குக் கீழே சரிவில். உயிரோடு இருக்கும்போது பங்களா மேட்டில், நம் ஆட்கள் குடியிருந்த லயம் பள்ளத்தில். செத்த பிறகும் அதே கதைதான். சாவிலாவது மாறக் கூடாதா?

கல் வாங்க நம்மிடம் ஏது வசதி? துரைசானி கல்லைச் சுற்றியிருந்த செடிகளில் ஒரு கொம்பை ஒடித்து வந்து தலைமாட்டில் ஊன்றிவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு செடி. வேலை வாங்கும் மண்டோர் வீட்டுக்கு இட்லிப்பூ, எதிர் லயத்துக்காரர்களுக்கு நந்தியாவட்டை, எங்கள் அம்மாவுக்கு மஞ்சள் குரோட்டன். அம்மாவைப் புதைத்தபோது நான் போகவில்லை. பெண்பிள்ளை இடுகாட்டுக்கு வரக் கூடாது என்று வீட்டிலேயே பிடித்துவைத்துவிட்டார்கள். அண்ணன்தான் போய் மண் தள்ளினான். தீபாவளிக்கு முன்னால் படையல் போட மட்டும் எங்களையும் கூட்டிப்போவார்கள். மஞ்சள் இலையைக் கண்டதும் ஓடிப்போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அம்மாவின் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தச் செடி நன்றாக நினைவிருக்கிறது.

தோட்டம் கைமாறி, சனங்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் இங்கே மம்பாவுக்கு, அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டு கடலோரத்துச் சி ரூசாவுக்கு. இடுகாட்டில் லாலாங் புல் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. டவுனில் சீனர்களின் சமாதிகள் எப்படிப் பளிச்சென்று இருக்கின்றன, நம் ஆட்கள் மட்டும் காட்டிலா கிடப்பது என்று ஊரெல்லாம் போன் போட்டான். எல்லோரும் கூடி வேலை செய்யும் கோத்தோங் ரோயோங்குக்கு நல்ல கூட்டம். எல்லோருமாக மிஷின்களோடு இறங்கி, லாலாங் என்று பார்க்காமல், குரோட்டன் என்று பார்க்காமல் வழித்துத் தள்ளி, மேடு பள்ளத்தை நிரவி, புல்லை ஒரே மட்டமாக வெட்டிவிட்டார்கள். அப்போது எழும்பிய வாசனைதான் நான் சொன்னேனே, அது.

"பாத்தியா, பார்க் மாதிரி ஆக்கிட்டோம்லா," என்றான் அண்ணன்.

எல்லோருக்கும் சந்தோஷம் பிடிபடவில்லை. சமாதி அடையாளங்களையும் சேர்த்து வழித்திருக்கிறோம் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். நான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், பெரிய புத்திசாலி!

போன வருஷம் தோட்டத்தின் புதிய முதலாளி அங்கே வீடுகள் கட்டப்போவதாகச் சொன்னான். துரைசானியின் கல் பழங்காலத்துச் சின்னமாம், அதைத் தொட மாட்டானாம். சரிவில் இருப்பவர்களை உறவுக்காரர்கள் தவணைக்குள் அடையாளம் காட்டி எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மண்வாரி மிஷின் இறங்கிவிடும்.

அண்ணனும் நானும் போனோம். அண்ணன் அந்தப் புல்தரையில் மேலும் கீழும் நடந்தான். முகம் வெளுத்துவிட்டது. கடைசியில் துரைசானி கல்லுக்கு நேர் கீழே ஓரிடத்தைக் காலால் தட்டி, "இங்கதான். எனக்குத் தெரியாதா?" என்றான். குழி வெட்டியவர்களின் மண்வெட்டியில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்று பட்டு உடைந்தது. இது என்ன என்று கேட்டேன். தோட்டத்து மண்ணில் எங்கே வெட்டினாலும் மங்கு வரும் என்று அதட்டினான். அதுவும் சரிதானே என்று வாயை மூடிக்கொண்டேன். எலும்புகளைப் பார்த்ததும் அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். தகனம் செய்து, ஐயரை வைத்து, சி ரூசா கடலில் கரைத்தோம். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தவணை முடிந்த மறுநாள் சரோஜா போன் செய்தாள். எதிர் லயத்துப் பெண், இப்போது சிரம்பானில் இருக்கிறாள்.

"அக்கா, நேத்து எங்கம்மாவ எடுக்கப் போனேன். குழி காலியா கெடக்கு. எங்கப்பா நாலு மூலைலயும் மங்கு பொதைச்சு வச்சிருந்தாரு. மூணு அப்படியே இருக்கு, ஒண்ணு ஒடைஞ்சு வெளில கெடக்கு. யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

உடைந்த மங்கு கண்முன் வந்தது. மறைக்க மனம் வரவில்லை, நாங்கள்தான் எடுத்தோம் என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். எங்கே கரைத்தீர்கள், முறையாகச் செய்தீர்களா என்று மட்டும் கேட்டாள். பிறகுதான் அவளுக்கு அது தோன்றியது.

"அப்ப ஒங்கம்மா எங்கக்கா?"

பதறிக்கொண்டு டாக்சி பிடித்துப் போனேன். மண்வாரி காலையிலேயே வந்துவிட்டிருந்தது. சரிவே இல்லை. செம்மண் தட்டையாகக் கிடந்தது. மேட்டில் துரைசானி மட்டும் புது வேலிக்குள் இருந்தாள்.

அண்ணனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தாங்க மாட்டான். அமாவாசைதோறும் சி ரூசாவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "அம்மா" என்று கும்பிடுகிறான். சரோஜாவும் வருகிறாள். முதல் தடவை அவளைப் பார்த்ததும், "ஒங்கம்மாவையும் இங்கதான் கரைச்சீங்களா?" என்று கேட்டான்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமாண்ணே," என்றாள்.

இரண்டு பேரும் கடலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நான் கரையிலேயே நின்றேன்.