ஆளுநருக்கு நான் எழுதிய மனு

துபாயை அடுத்த அஜ்மானில், அரபியில் விண்ணப்பம் அடித்துக்கொடுக்கும் டைப்பிங் சென்டர் ஒன்றில் எனக்கு வேலை. பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடை. ஆப்கானிஸ்தான்காரர் ஒருவர் தந்தூர் அடுப்பின் முன் நின்று நாள் முழுக்க வெந்துகொண்டிருப்பார். அவருடைய அண்ணன் ஊரில் சிறையில் இருந்தார். பழைய அரசாங்கத்தின் அலுவலகம் ஒன்றில் கார் ஓட்டியதுதான் குற்றம். தாலிபான் நியமித்த மாகாண ஆளுநர், பெருநாள் முடிந்ததும் விட்டுவிடுவதாக ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லியிருந்தார். பெருநாளுக்கு முன்பே அந்த ஆளுநரை வேறு மாகாணத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"புது ஆளுநருக்கு அரபியில ஒரு மனு போடு பாய். முல்லாக்களுக்கு அரபின்னா மரியாதை" என்று ரொட்டிக்காரர் உருதுவில் கேட்டார்.

மனு என்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். ராமநாதபுரத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மூன்று வருடம் மனு எழுதியவன் நான். முதலில் பொருள், அதற்குக் கீழே பார்வை. முன்னால் இருந்த அதிகாரி என்ன சொன்னார் என்று பார்வையில் காட்டாவிட்டால் மனுவை எவனும் மதிக்க மாட்டான். பழையவர் பேச்சு எதற்கு என்று ரொட்டிக்காரர் இழுத்தார். "சும்மா இருங்க பாய், எனக்குத் தெரியாததா?" என்று அடக்கிவிட்டு, முந்தைய ஆளுநர் தந்த வாக்கை மேலேயே போட்டேன். என் மேதாவித்தனத்தில் இடி விழ.

ஊரில் இருந்த ரொட்டிக்காரரின் தங்கை மகன் மனுவை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தான். புது ஆளுநர் மேலே இருந்த வரியைப் படித்ததும், "ஓ, இவன் அவர் ஆளா?" என்று கேட்டு மடித்து வைத்துவிட்டாராம். புதியவருக்கும் பழையவருக்கும் ஆகாது என்பது அங்கே ஆடு மேய்ப்பவனுக்கும் தெரியும். அந்த வாரமே அண்ணனை வேறு எங்கோ கொண்டுபோனார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

ரொட்டிக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும். மதியம் வழக்கம்போலச் சூடாக ஒரு ரொட்டி கொடுத்தனுப்புவார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

ஏழு மாதம் கழித்து அந்த மாகாணத்துக்கு மூன்றாவது ஆளுநர் வந்தார். ரொட்டிக்காரர் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு என் மேஜை முன் வந்து உட்கார்ந்தார். வேறு யாரிடமாவது எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"அப்ப இந்தத் தடவை பார்வை கிடையாது. பழைய பேச்சே வேண்டாம்" என்றேன். "பொருள் மட்டும் போடுறேன். அண்ணனை விடுதலை செய்யக் கோருதல், சரிதானே?"

"அது வேண்டாம் பாய்" என்றார். "எங்கே புதைச்சாங்கன்னு மட்டும் கேளு."