மூக்குக்குள் ஒரு கூடுதல் அறை

அவசரமில்லாத அறுவை சிகிச்சைக்கு ஓய்வூதியர் முன் அனுமதி பெற வேண்டும். குறித்த நாட்களுக்குள் அனுமதி வழங்கப்படும். அவசர நேர்வுக்கு முன் அனுமதி தேவையில்லை. விதி இவ்வளவுதான். வட்டாட்சியர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக ஓய்வுபெற்றவன் நான். விதியின் கடைசி வரியை மட்டும் என்னோடு சேர்த்து யோசிக்கத் தவறினேன்.

வெள்ளிமலையில் ஒரு கல்யாணம் முடிந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் வந்தபோது தொடங்கியது. ஒரு வாரமாகச் சளி. மலைப்பாதையில் இறங்க இறங்க, வலது கன்னத்துக்குள் யாரோ திருகாணியை முடுக்குவதுபோல் வலித்தது. தரைக்கு வந்ததும் வலி மேல்பல்லுக்கு மாறியது. எங்கள் ஊரான திருக்கோவிலூருக்குத் திரும்பி அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். பல் போயிற்று, வலி போகவில்லை. சளியோடு மேல்பல் வலித்தால், பல்லைக் குற்றம் சொல்லும் முன் மூக்கையும் காட்டிவிடுங்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூக்கின் நடுச்சுவர் வலப்பக்கம் வளைந்திருந்தது. கான்கா புல்லோசா (மூக்கின் நடுமடல் உள்ளே காற்றறையோடு பருத்திருப்பது) இருந்தது. போதாததற்கு ஹாலர் அறை (கண்குழிக்குக் கீழே, கன்னச் சைனஸ் வடியும் வழியை ஒட்டி அமைந்த சிற்றறை). வரைபட அனுமதி இல்லாத கூடுதல் கட்டுமானம் என்று எனக்கு விளங்கியது.

அறுபத்தாறு வருடம் சும்மா இருந்தது இப்போது ஏன் என்று கேட்டேன்.

"இதெல்லாம் வியாதி இல்ல சார். எத்தனையோ பேருக்கு இருக்கு, கடைசி வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. உங்களுக்கு வழி ஏற்கெனவே குறுகல். சளியில சவ்வு வீங்கினதும் அடைச்சிக்கிச்சு."

இந்த அமைப்பு மட்டுமே காரணம் என்று தன்னால் எழுதிக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். அந்த நேர்மை பிடித்திருந்தது. கோப்புக்குத்தான் அது உதவவில்லை.

மூன்று மாதம் உப்புநீரால் மூக்கைக் கழுவினேன். மருந்து அடித்துக்கொண்டேன், மாத்திரை விழுங்கினேன். குனிந்தால் கன்னம் கனத்தது. படுத்தால் ஒரு பக்கம் அடைத்தது. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். பால் அடிப்பிடித்ததை அடுத்த வீட்டுக்காரர் வந்து சொன்னார். அடுப்பருகே நின்றிருந்த எனக்கு வாடை தெரியவில்லை.

எண்டோஸ்கோபி (சிறு கேமராக் குழாய்) வழியாக அறுவை செய்யலாம் என்றார் மருத்துவர். விண்ணப்பித்தேன். திரும்பி வந்தது ஒரு வினா: 'பிறவி அமைப்பு எனில், பணிக்காலத்திலேயே சிகிச்சை பெறாதது ஏன்?' நானே எழுதியிருக்கக்கூடிய வாசகம். நான்கு பக்க விளக்கம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

ஒரு காலை வலது இமை தடித்திருந்தது. தபால் வரும் நேரமாயிற்றே என்று அன்றைக்கு எங்கும் போகவில்லை. மறுநாள் கண்ணே திறக்கவில்லை. மருத்துவர் பார்த்தவுடன் மருத்துவமனையில் சேரச் சொன்னார். சீழ் கண்குழியை எட்டுகிறது, தாமதித்தால் பார்வை போகலாம் என்றார். ஆணை இன்னும் வரவில்லை என்று தொடங்கினேன்.

என் மனைவி வளர்மதி குறுக்கிட்டாள். "கண்ணு பூடுச்சுன்னா அந்த ஆர்டர யாருங்க படிக்கிறது? நான் பக்கத்துல குந்திகினு படிச்சிக் காட்டணுமா?"

மருத்துவர் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். அனுமதியில்லாமல் நான் போட்ட முதல் கையெழுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு போட்டது.

இரண்டு நாள் ஊசி மருந்து. வீக்கம் வடியாததால் அறுவை. சீழை வடித்து, வழியை அகலப்படுத்தினார்கள். பார்வை தப்பியது. உங்களுக்குச் சைனஸ் தொல்லை இருந்து இமை வீங்கினால், பார்வை மங்கினால், அன்றே போங்கள். நான் வீணாக்கிய ஒரு நாளை நீங்களும் வீணாக்க வேண்டாம்.

இப்போது என் நாள் இரண்டு கழுவல்களுக்கு நடுவில் இருக்கிறது: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. போன வாரம் வெள்ளிமலை போய்த் திரும்பினேன். ஒவ்வொரு வளைவிலும் கன்னத்தில் கைவைத்து வலிக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வராததையும் முழுதாக நம்ப முடியவில்லை; தரைக்கு வந்த பின்னும் கையை எடுக்கவில்லை.

வீட்டில் ஓர் உறை கிடந்தது. பிரிக்கும்போது அலுவலகப் பசையின் புளித்த வாடை அடித்தது. படிப்பதை விட்டுவிட்டு, உறையை மூக்கருகே வைத்து இன்னொரு முறை முகர்ந்தேன். என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த வளர்மதி, "இன்னாங்க, மோந்து பாத்தே படிச்சிட்டீங்களா?" என்றாள்.

அறுவை சிகிச்சைக்கு அனுமதி வழங்கப்பட்டிருந்தது. பழைய வழக்கப்படி, ஓரத்தில் எழுதினேன்: பெறப்பட்டது, பிப்ரவரி 9.