டாக்டர் என்னைக் கேட்கவில்லை

இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் அடங்கவில்லை. எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த பிறகு, விழுப்புரத்தில் டாக்டரிடம் காட்டப் போயிருந்தோம். "இவங்க என்ன வேலை பாக்குறாங்க?" என்று அவர் என் கணவரைக் கேட்டார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"வேலைக்கெல்லாம் போவல சார். வூட்லதான் சும்மா இருக்குறா."

"அப்ப பிரச்சனை இல்ல. எப்பவும்போல இருக்கலாம்."

திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் எப்பவும்போல என்றால், தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர், ஊறவைத்த போர்வைகள், கிரைண்டர் குழவிக்கல். மறுநாள் அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவும்போது வயிற்றில் சுரீர் என்று இழுத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் பரிசோதித்த லேடி டாக்டர், "நல்லவேளை, உள்தையல் விடல. யாரும்மா உங்கள வெயிட் தூக்கச் சொன்னது?" என்று கத்தினார்.

கணவர் முந்திக்கொண்டார். "டாக்டர்தாங்க எப்பவும்போல இருக்கலாம்னாரு."

"சும்மா இருக்குறான்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று அங்கேயே கேட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் என்னைப் பற்றி யார் அவரிடம் கேட்டாலும் நான்தான் பதில் சொல்கிறேன். எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் அவர்தான் எடுக்கிறார். இரண்டாவது குடத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் வாசலில் சும்மா இருக்கிறேன்.