பஸ் ஏறும் நாளில் விழுங்காத மாத்திரை

தையநாயகி வீட்டில் மூன்றாவது முறையாக விழுந்தபோது புருவத்துக்கு மேல் நான்கு தையல் போட வேண்டியிருந்தது. அம்பகரத்தூரில் தனியாக இருந்தவர். எழுபதைத் தாண்டிய வயது. சர்க்கரை, பிரஷர், காலில் வீக்கம் எல்லாம் உண்டு. மாதம் ஒருமுறை பஸ்ஸில் காரைக்காலுக்கு வந்து எங்கள் ஆஸ்பத்திரியில் காட்டுவார். 1970களின் கடைசி அது. நான் ஓ.பி.யில் ஆயா. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைக் கவனிப்பதில் என்னை யாரும் மிஞ்சியதில்லை.

அன்றைக்கு மகனும் கூட வந்திருந்தார்.

"பிரஷர், சர்க்கரை ரெண்டுமே இறங்கலையே பாட்டி. கால் வேற வீங்கியிருக்கு. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்றார் டாக்டர்.

"வேளை தப்பாம போடுறேன் தம்பி."

"அப்ப இன்னும் கொஞ்சம் கூட்டுறேன்."

இப்படி ஏற்கெனவே இரண்டு முறை கூட்டியாயிற்று.

"இனிமே உன்னத் தனியா விட முடியாதும்மா. மாட்ட வித்துட்டு, வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரு" என்றார் மகன். தையநாயகியின் முகம் சுண்டிப்போனது.

எனக்கு ஒன்று உறுத்தியது. கால் வீக்கம் வடிய நீர் மாத்திரை போடும் பெண்கள் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கக்கூஸ் எங்கே என்று என்னிடம் கேட்பார்கள். இவரோ காலையிலிருந்து பெஞ்சை விட்டு அசையவில்லை.

"சார், சீட்டு எழுதாம செத்த இருங்க" என்றேன்.

"என்ன லூர்தம்மா, நீங்களே மருந்து எழுதப்போறீங்களா?"

"எழுதத் தெரிஞ்சா எழுதியிருப்பேன். இப்பக் கேட்டுட்டு வர்றேன்."

தையநாயகியைக் கட்டுக் கட்டும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?"

சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் பொம்பளதானே, சொல்லுங்க."

"அதப் போட்டுட்டு பஸ் ஏறுனா நடுவழியில எங்கடி எறங்குவேன்? ஆம்பளைன்னா வேலியோரமா நின்னுக்குவான். போன வருசம் பஸ்ஸுலயே பொடவ நனைஞ்சு போச்சு. கண்டக்டர் பாத்துட்டான். அதுலேருந்து இங்க வர்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே நிறுத்திடுவேன். எது நீருக்கு, எது சர்க்கரைக்குன்னு எனக்கு எங்க தெரியுது? எல்லாத்தையும்தான் நிறுத்துவேன்."

"ஊருக்குப் போனா?"

"டாக்டர் தம்பி சொன்ன கணக்கு ஒண்ணு கொறைக்க மாட்டேன்."

"அவருகிட்டச் சொல்றதுதானே?"

"போடி! எம்மவனவிடச் சின்னப் புள்ள. அதுகிட்டயா இதச் சொல்லுவாங்க?"

நான் போய்ச் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடினார். மாத்திரை போடாத நாளில் பரிசோதித்துவிட்டு, போடுகிற நாட்களுக்கு மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம். வார்டில் சேர்த்து, முதலில் கொடுத்த அளவையே கொடுக்கச் சொன்னார். வேளாவேளைக்கு நான் பக்கத்தில் நின்று விழுங்க வைத்தேன். எழுந்து நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றுகிறதா என்று டாக்டர் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தார். ஐந்தாம் நாள் எல்லாம் கட்டுக்குள் வந்தது.

டாக்டர் மகனிடம் மறைக்கவில்லை. "உங்கம்மா வியாதியால விழலைங்க. நான் கூட்டுன மருந்துதான் தள்ளிவிட்டிருக்கு. தாராளமா அவங்க வீட்டுலயே இருக்கட்டும்."

"கேட்டுக்கிட்டியாடா? மாட்டுக்குத் தவிடு வாங்கிக் குடுத்துட்டுப் போ" என்றார் தையநாயகி.

ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் மட்டும் காலை மாத்திரையைக் கையோடு கொண்டுவந்து எங்களிடம் போட்டுக்கொண்டு, நீர் போய் முடிந்த பிறகு பஸ் ஏற ஏற்பாடு செய்தோம். அதற்குப் பிறகு அவர் விழவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்குச் சொல்கிறேன். மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டால் வயதானவர்கள் எல்லாரும் ஆமாம் என்பார்கள். இன்றைக்கு எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எதில் வந்தீர்கள் என்று கேளுங்கள். மகன் பக்கத்தில் இருந்தால் அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.