ஒரே உதையில் கிளம்பிய வண்டி

ஒரியானோவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "நல்ல மனுஷன்" என்பார்கள். அதற்கு மேல் சொல்ல யாருக்கும் ஒன்றும் தோன்றாது. நாற்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, பீச் பழக் கூட்டுறவுக் கிடங்கில் இருபத்தாறு வருஷமாகப் பெட்டி இறக்குகிறான். கோபத்தில் ஒரு கோப்பையைக்கூட அவன் உடைத்ததில்லை. ஆனால் அவனுக்கும் ஒரு ஆசை இருந்தது. இத்தாலியில் எங்கள் ரொமாஞ்ஞாப் பக்கத்துக்காரனுக்கு வேறு என்ன ஆசை வரும்? மோட்டார் சைக்கிள்தான். இங்கே பாதிரியார்கூட ரேஸ் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையை அவசர அவசரமாக முடித்துவிடுவார்.

ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் இல்லை. லமோனே ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எர்மெதேயின் சிவப்பு வண்டிதான் வேண்டும். எழுபத்துமூன்றாம் வருஷத்து இரட்டை சிலிண்டர் பந்தய வண்டி. ஞாயிறு மதியம் எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்தில் அது பாலத்தில் ஏறும். தட்டில் சூப்பு நடுங்கும். ஒரியானோவின் அம்மா இருந்தவரை ஒவ்வொரு முறையும் சிலுவை போட்டுக்கொள்வாள். அவனுக்கோ கரண்டி பாதி வழியில் நின்றுவிடும். இருபத்தைந்து வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டே ஆசைப்பட்டவன் அவன்.

எர்மெதேக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டன. வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றே ஒரியானோ போய் முற்றத்தில் நின்றான்.

"இதுக்கு முன்னாடி என்ன ஓட்டியிருக்கே?" என்று கேட்டார் கிழவர்.

"ஸ்கூட்டர், பெரியவரே."

"சரியாப் போச்சு! கழுதை மேய்ச்சவன் சிங்கத்தைக் கேட்டு வந்திருக்கான்." எர்மெதே வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஜெர்மன்காரன் ஒருத்தன் ரெண்டு மடங்கு தர்றேங்கிறான். கொண்டுபோய்க் கண்ணாடிப் பொட்டியில வெப்பான், பாவி. உனக்கே தர்றேன். ஆனா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னாடி பாலத்துல ஒரு தடவை ஓட்டிக் காட்டணும். எனக்குக் கண்ணுதான் போச்சு, காது இருக்கு."

"கண்டிப்பா ஓட்டுறேன். கிளப்புறதுல ஏதாவது சூட்சுமம்..."

"அதை நான் கத்துக்க மூணு மாசம் ஆச்சு. முட்டிச் சிப்பியே பேந்துபோச்சு. நீ மட்டும் நோகாம வாங்கிட்டுப் போகலாம்னு பாக்குறியா?"

அவர் மனைவி இயோலே, "சொல்லிக் குடுத்தா என்ன குறைஞ்சா போயிடும்? கஞ்சன்!" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள். கிழவர் வண்டிச் சாவியை மட்டும் நீட்டினார்.

வண்டி வந்தது, நிம்மதி போனது. நாற்பது உதை உதைத்தால் ஒரு இருமல் இருமும். நாற்பத்தோராவது உதையில் கிக்கர் திருப்பி அடித்துக் கெண்டைக்கால் வீங்கும். தப்பித் தவறி ஒரு நாள் கிளம்பியபோது அது போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்கூட்டர்க்காரனுக்கு அது எப்படிப் புரியும்? பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தான். வண்டி நேரே போய்க் கோழிக்கூண்டைத் தள்ளிவிட்டு நின்றது. அப்புறம் மறுபடியும் மௌன விரதம்.

ஞாயிறு வந்தால் போதும், மணி பன்னிரண்டுக்கு டெலிபோன் அடிக்கும். "ஒரியானோ, அவரு ஜன்னல்கிட்ட உக்காந்துட்டாருப்பா. சூப்பு ஆறுது" என்பாள் இயோலே. வியர்வை சொட்டச் சொட்ட ஒரியானோ, "அடுத்த வாரம் நிச்சயம்மா" என்பான். ஏழு ஞாயிறு இப்படியே போனது. எட்டாவது வாரம் திங்கட்கிழமையே போன் வந்தது.

"மக எங்களைத் தோரினோ பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போறாப்பா. அஞ்சாவது மாடியாம். வர்ற ஞாயிறு மதியம் கிளம்புறோம். வண்டிச் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் காரில ஏறுவேன்னு பிடிவாதம் பிடிக்கிறாரு."

ஒரியானோ அன்று மாலையே வண்டியைத் தள்ளிக்கொண்டு லெயார்க்கோவின் பட்டறைக்குப் போனான். லெயார்க்கோ அவனோடு பள்ளிக்கூடம் போனவன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினான்.

"கார்புரேட்டர் வாயில ஒரு வலைகூட இல்ல. சைலன்சருக்குள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் குழாய். பெட்ரோல் குடிக்கும், புழுதி தின்னும், உன்னை உதைக்கும். தகுதிச் சான்று எவன்டா குடுப்பான் இதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை இது ஓடியே ஆகணும்டா. என்ன வேணா பண்ணு."

சனிக்கிழமை வண்டி தயாராக நின்றது. ஒரியானோ பயந்து பயந்து உதைத்தான். ஒரே உதை! தையல் மெஷின் மாதிரி ஓடத் தொடங்கியது. அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. இனி முட்டி நோகாது, எர்மெதேக்குக் கொடுத்த வாக்கும் பொய்க்காது. அந்தச் சந்தோஷத்தில் அவன் காதில் வேறெதுவும் விழவில்லை.

"பழைய கார்புரேட்டர், குழாயெல்லாம் எங்கடா?"

"கிழவர்கிட்ட வண்டியைக் கேட்ட அந்த ஜெர்மன்காரன் இமோலா பழைய சாமான் சந்தைக்கு வந்திருந்தான். காட்டினேன், கொத்திட்டுப் போயிட்டான். வேலைக்கும் புது சாமானுக்கும் சரியாப் போச்சு. உனக்கு ஒரு லிரா செலவு இல்ல, போ."

ஒரியானோ அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். பாவம், அப்பாவி.

ஞாயிறு பன்னிரண்டுக்குப் பாலத்தில் ஏறினான். கியர் தவறவில்லை. அக்கரை போய்த் திரும்பினான். நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னொரு முறையும் போய்வந்தான். பிறகு மறுபடி பாலத்தைக் கடந்து, நெஞ்சு நிமிர எர்மெதே வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தான். காரில் பெட்டிகள் ஏறியிருந்தன. மகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிழவர் தொப்பியும் கோட்டுமாக நாற்காலியில் உட்கார்ந்து, பாலத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"யாருப்பா அது? வண்டியை அணை," என்றார் எரிச்சலாக. "பாலத்துல ஒரு சத்தம் வரணும். இது பக்கத்துல முனகிட்டு இருந்தா அது எப்படிக் கேக்கும்?"

ஒரியானோ வண்டியை அணைத்தான். அவன் இருபத்தைந்து வருஷம் ஆசைப்பட்டது எதுவோ அது இந்த வண்டியில் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நான்தான் பெரியவரே, ஒரியானோ."

"ஒரியானோவா? யாரு வண்டியை இரவல் வாங்கிட்டு வந்தே? நம்மளது எங்க?"

இயோலே சிவப்பு டேங்கைப் பார்த்தாள். பளபளக்கும் புது சைலன்சரைப் பார்த்தாள். ஒரியானோவின் முகத்தைப் பார்த்தாள். கணவரின் கோட்டுக் காலரைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

"கிளம்பல பெரியவரே. காலையிலேர்ந்து உதைச்சேன். கிளம்பல."

கிழவரின் முகம் வாடிப்போனது. கொஞ்ச நேரம் கைத்தடியைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லச் சிரித்தார். "கிளம்பாது. உன்னை இன்னும் ஆளா மதிக்கல. நான் சொல்லிக் குடுத்திருக்கணும்... என் புத்தி." தடவித் தடவி அவன் கையைப் பிடித்தார். "சரிபண்ணித் தர்றேன்னு எவனாவது வருவான். தொட விட்டுடாதே. அதோட தொண்டைதான்டா அதோட உசிரு."

"சரி பெரியவரே."

அவன் வண்டியைத் திருப்பினான். காலை உயர்த்தினான். அந்த மனிதர் காதுபட இன்னொரு முறை அந்த முனகலை எழுப்ப அவனால் முடியவில்லை. இருநூறு கிலோ வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினான்.

பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. பாதிப் பாலத்தில் கார் அவனை மெதுவாகக் கடந்தது. எர்மெதே கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, அவன் வீடு இருக்கும் திசைக்குக் காதைக் கொடுத்திருந்தார். பின்சீட்டில் இயோலே கையை உயர்த்தி, அசைக்காமலே இறக்கிக்கொண்டாள்.

ஒரே உதையில் கிளம்பிவிடும் வண்டியை ஒரியானோ வீடுவரை தள்ளிக்கொண்டே போனான்.